நாலாம் பக்கத்துத் தண்ணீர்

நெட்டமரத் தோட்டம், மேல்பிரிவு,
கந்தப்பளை.
2025 பெப்ரவரி 3

ஷாமிலாவுக்கு,

ஒக்டோபர் மாதம் எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் நீங்கள் நான்கு நாள் தங்கியிருந்தபோது உங்களை 'நீ' என்றும் 'தங்கச்சி' என்றும் கூப்பிட்டேன். இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறேன். ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்ததை எழுத்தில் செய்திருக்கிறீர்கள். அதனால் கணக்கும் எழுத்திலேயே தீரட்டும்.

போன வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்காம்பராவில், தாய்மார் விட்டுப்போன குழந்தைகளுக்குக் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. தோட்டத் துரையின் மேசையில் பதினொரு தாள்கள் கிடந்தன. முதல் தாளில் உங்கள் பெயரும் உங்கள் கல்லூரியின் பெயரும் இருந்தன. அவ்வளவு ஆங்கிலம் எனக்கு வாசிக்க வரும். பிரிவைப் பார்க்கிற கணேசமூர்த்தி கண்டாக்கையாதான் நாலாம் பக்கத்தை எடுத்துத் தமிழில் சொன்னார்.

"சிறுவர் நிலையப் பொறுப்பாளர் ரத்னா கஜேந்திரன் சொல்கிறார்: ஊற்றுத் தண்ணீரைச் சுற்றுலா விடுதிக்குத் திருப்பிவிட்டார்கள். மருந்தடித்த மலைக்குள்ளால் வரும் ஓடைத் தண்ணீரைத்தான் என் பிள்ளைகள் குடிக்கின்றன."

"இத நீதான் சொன்னியா ரத்னா?" என்று கேட்டார்.

"யாருகிட்டங்க?" என்றேன்.

"ஒன் வீட்டுல வந்து தின்னுட்டுப் போச்சே அந்தப் புள்ளகிட்ட."

உங்கள் கல்லூரி அதை இன்டர்நெட்டில் போட்டதாம். எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அதை வாசித்துவிட்டு, இது உண்மையா என்று துரைக்கு எழுதிக் கேட்டதாம். இப்போது நான் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறேன். விசாரணை நடக்கும். விசாரணை வேண்டாமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் எழுதியிருப்பது இதுதான்: "நான் அப்படிச் சொல்லவில்லை. மாணவி தானாகப் பொய் எழுதிவிட்டார்."

நான் சொன்னேன்தான். குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்துபோய் எங்கே திருப்பியிருக்கிறார்கள் என்று உங்களுக்குக் காட்டவும் செய்தேன். ஆனால் அடுப்பங்கரையில் சொன்னது அது. என் பெயரைப் போடவா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பட்டம் வாங்க இப்படி ஒரு பாடம் கட்டாயம், அதற்காகத்தான் வந்தேன் என்று முதல் நாளே சொன்னீர்கள். அதற்குப் பெயர்கூடச் சொன்னீர்கள், பன்மைத்துவமும் உலக விழிப்புணர்வும். உலகம் இப்போது நன்றாக விழித்துக்கொண்டது. நான் வீட்டில் இருக்கிறேன்.

என்னைப் பற்றி எனக்குத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு பக்கத்தையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் விடாமல்.

ரத்னா

*

தெஹிவளை.
2025 பெப்ரவரி 9

அன்புள்ள ரத்னா அக்கா,

நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியது, திட்டியிருந்தால் வலித்திருக்கும் அளவைவிட அதிகமாக வலித்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

பதினொரு பக்கத்தையும் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாள் எடுத்தது. ஆங்கிலத்தில் நன்றாக இருந்த சில வரிகள் தமிழில் எழுதும்போது கூச்சமாக இருந்தன. மாற்றிவிடலாம் என்று கை போனது. மாற்றவில்லை.

பெயர் போட்டதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எங்களுக்குத் தந்த வழிகாட்டியில் 'மக்களின் குரலை அவர்களுடைய சொந்தப் பெயரிலேயே கொண்டுவாருங்கள்' என்று இருந்தது. 'ஒரு பெண் சொன்னார்' என்று எழுதினால் உங்களை ஆளில்லாமல் ஆக்குவதுபோல் இருக்கும் என்று நினைத்தேன். பெயர் போடுவதுதான் மரியாதை என்று நம்பினேன். அந்த மரியாதைக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று யோசிக்கவில்லை. முதல் மதிப்பெண் எனக்குத்தான் கிடைத்தது. அந்த நாலாம் பக்கத்தைத்தான் மேடையில் வாசிக்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள். உங்களுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நான் பொய் எழுதினேன் என்றே சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வேலைதான் முக்கியம். இருபத்தாறு குழந்தைகள் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரோ கொழும்புப் பிள்ளை இல்லாததை எழுதிவிட்டுப் போனது என்று இருக்கட்டும்.

தயவுசெய்து போடுங்கள்.

ஷாமிலா

*

கந்தப்பளை.
2025 பெப்ரவரி 15

ஷாமிலா,

இனி 'நீங்கள்' கிடையாது. திட்டுவதற்கு 'நீ'தான் வசதி.

பதினொரு பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். என் வீட்டுக்காரர் லொறிக்குப் போன பிறகு, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு, சத்தமாக வாசித்தேன். உன் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் 'அவர்களுடைய குடிசைகள்' என்று எழுதியிருக்கிறாய். குடிசை என்றால் இருக்கிறவன் தானே கட்டிக்கொண்டது. லயத்தை நாங்கள் கட்டவில்லை. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பத்தை வரிசையாக வைப்பது என்று ஒருவன் தீர்மானம் பண்ணிக் கட்டியது. குடிசை என்று எழுதினால் அந்த ஒருவன் தப்பித்துக்கொள்கிறான்.

ஆறாம் பக்கத்தில் நான் 'கடலையே பார்த்திராதவள்'. கேட்டாயா? பத்தொன்பது வயதிலிருந்து இரண்டு வருடம் வெள்ளவத்தையில் துணிக்கடையில் நின்றேன். தங்கியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துக் கையெல்லாம் ஒட்டும். உன் தெஹிவளைக்கு அடுத்த ஊர்தானே வெள்ளவத்தை?

ஒன்பதாம் பக்கத்தில் 'எதுவுமே இல்லாதபோதும் இவர்கள் சிரிக்கிறார்கள்' என்று இருக்கிறது. காலையில் பீலியில் கொட்டுகிற குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நீ போட்ட கூச்சலுக்கு யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் நாலாம் பக்கத்தில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறாய். பதினொரு பக்கத்தில் முழு உண்மை அந்த ஒரு பக்கம்தான். அதைப் பொய் என்று சொல்லிக் கையெழுத்துப் போடு என்கிறாய்!

என் வீட்டுக்காரரும் உன் கட்சிதான். "ஒரு கையெழுத்துதானே ரத்னா, போட்டுட்டு வேலயப் பாரு. தண்ணி என்னக்கித்தான் நல்லா வந்துச்சு நமக்கு?" என்கிறார். அவரிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுத்தில் ஆகிவிடும். நாளைக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அம்மாக்காரி என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவாள். அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

போடமாட்டேன்.

இன்னொன்று கேள். என்னை நிறுத்திய பிறகு பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். போன திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதுதான் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, எல்லாப் பெண்களும் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்கள். கூட்டம் போட்டுப் பேசியதில்லை. பூட்டின கதவைப் பார்த்தார்கள், வந்தார்கள். எங்கள் லயத்து ராக்காயி அக்காதான் முன்னுக்கு நின்றாள்.

"வேலைக்கு வரலன்னு பேரு வெட்டிராதீங்கய்யா. வந்துருக்கோம். பிள்ளைங்கள எங்க வைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒனக்குத்தான் கைப்புள்ள இல்லியே ராக்காயி?" என்று கண்டாக்கையா கேட்டிருக்கிறார்.

"அதனாலதான் ரெண்டு பேரு பிள்ளைய நான் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

அன்று பத்து மணி வரை ஒரு கொழுந்து ஆயப்படவில்லை. குழந்தைகள் அழுத அழுகை ஆபீஸ் வரை கேட்டதாம். கடைசியில் கதவைத் திறந்து, குழந்தைகளைப் பார்க்கக் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் இன்னும் வெளியில்தான். ஆனால் பெண்கள் சொல்லிவிட்டார்கள், ரத்னா வரும்வரை தினமும் பெரட்டில் கேட்போம் என்று.

விசாரணை இருபத்துநாலாம் திகதி. நான் சொன்னேன், அவள் எழுதினாள், இரண்டும் உண்மை என்று சொல்லப்போகிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது என்கிறாயே, அப்படியானால் நீயும் அதையே எழுதி அனுப்பு. கல்லூரி முத்திரையோடு.

ரத்னா அக்கா

*

தெஹிவளை.
2025 பெப்ரவரி 20

ரத்னா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது தடவை சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேனே ஒன்பதாம் திகதி, அதற்கு மூன்று நாள் முன்னாலேயே போட்டுவிட்டேன். இந்தப் பாடத்துக்குப் பொறுப்பான முத்துலிங்கம் சேர் கூப்பிட்டார். தோட்ட நிர்வாகம் கல்லூரிக்கு எழுதியிருந்ததாம். இனி மாணவர்களை உள்ளே விடமாட்டோம் என்று. சேர் அன்பாகத்தான் பேசினார். அதுதான் இப்போது நினைத்தால் எரிகிறது.

"இது ஒரு வரி விஷயம் ஷாமிலா. 'மொழி சரியாக விளங்காததால் தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று போட்டால் எல்லாருக்கும் நல்லது. இல்லாவிட்டால் இந்தப் பாடத்தில் உமது புள்ளிகளை நிறுத்திவைக்க வேண்டிவரும். இது சித்தியெய்தாமல் பட்டம் இல்லை என்று உமக்குத் தெரியும்தானே."

மொழி விளங்கவில்லையாம். நீங்களும் தமிழ் பேசினீர்கள், நானும் தமிழ்தான் பேசினேன். என் பேச்சில் 'ஈக்கி' வரும், உங்கள் பேச்சில் 'இருக்குங்க' வரும். அந்த வித்தியாசத்தைக் கேட்டு உங்கள் மகள் சிரித்தாள், அவ்வளவுதான். பன்மைத்துவம் என்று நான்கு வருடம் படிப்பித்தவர்களுக்கு, ஒரு முஸ்லிம் பிள்ளையும் ஒரு தோட்டத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டிருக்க முடியாது என்று எழுதுவதுதான் வசதியாக இருந்தது. நான் அதைக் கண்டேன். கண்டுகொண்டே போட்டேன்.

மார்ச் இருபத்திரண்டாம் திகதி பட்டமளிப்பு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். உம்மா உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டா. வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "செஞ்சது சரிதான் மகள். ஒருத்தர் சொன்ன பேச்சுக்காக நாலு வருஷத்த வீசேலுமா?" என்றா. சரிதான் என்று நானும் தூங்கப்போனேன்.

அதன் பிறகுதான் 'கையெழுத்துப் போட்டுவிடுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று உங்களுக்கு எழுதினேன். தியாகம் செய்வதுபோல. நீங்களும் போட்டுவிட்டால் என் பொய்க்குத் துணை கிடைத்துவிடும் என்பதுதான் காரணம். நீங்கள் போடமாட்டேன் என்று எழுதிய வரியை வாசித்தபோது, பொய் என்னுடையது மட்டும்தான் என்று தெரிந்தது.

நான் போட்ட தாள் இப்போது உங்கள் துரையிடம் இருக்கும். இருபத்துநாலாம் திகதி அதைக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

ஷாமிலா

*

கந்தப்பளை.
2025 பெப்ரவரி 26

ஷாமிலா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. விசாரணை அதற்கு முதல் நாள் முடிந்துவிட்டது. ஆகவே உன் கையெழுத்தை நான் அவர்கள் கையில்தான் முதலில் பார்த்தேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். துரை, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர், எழுதிக்கொள்வதற்குக் கண்டாக்கையா. பெரியவர்தான் உன் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பிள்ளையே பிழையென்று ஒத்துக்கொண்டுவிட்டது. இனி நீர் மட்டும் ஏன் அம்மா பிடிவாதம் பிடிக்கிறீர்?"

உன் கையெழுத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"அது அந்தப் பிள்ளையோட கையெழுத்துங்க. தண்ணி எங்க பிள்ளைங்க குடிக்கிறது. வாங்க, குழாயப் பிடிச்சுக்கிட்டே நடந்து போவோம். கால் மணி நேரம். எங்க திருப்பியிருக்குன்னு உங்க கண்ணாலேயே பாருங்க."

யாரும் எழும்பவில்லை. மழை வருமாம். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

உன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்காதே. ஆனால் நீயே சொன்னாய், அதையும் வைத்துக்கொள்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கேட்ட பிறகுதான் சொல்லியிருந்தால், என்னுடைய இந்தக் கடிதம் வந்திருக்காது.

நேற்று ராக்காயி அக்காவும் நான்கு தாய்மாரும் நுவரெலியாவுக்குப் போய், சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மனுவை நான்தான் எழுதினேன். வேலை இல்லாததால் நேரம் இருக்கிறது.

விசாரணையைத் திரும்ப மார்ச் ஆறாம் திகதி காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறார்கள். சாட்சி இருந்தால் கூட்டிவா என்றார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யார் என்று சொல்லவில்லை.

வந்தால் வா. வராவிட்டால் இனி எழுதாதே.

ரத்னா

*

தெஹிவளை.
2025 மார்ச் 12

அன்புள்ள அக்கா,

விசாரணை முடிந்த மறுநாளே ஊர் வந்து சேர்ந்தேன். நானுஓயாவில் ரயிலில் இடம் கிடைத்தது. நோன்போடு வந்தவளுக்கு ராக்காயி அக்கா சாயத்தண்ணித் தேநீரை நீட்டியதும், வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கியதும், பிறகு நீங்கள் காரணத்தைச் சொன்னதும் அந்தக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவர் நின்றதும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நோன்பு திறக்கக் குழாய்த் தண்ணீரைத் தரமாட்டேன் என்று நீங்கள் கடைக்குப் போய்ப் போத்தல் தண்ணீர் வாங்கி வந்தீர்கள். குடிக்கும்போது பக்கத்தில் உங்கள் மகள் பீலித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டுத்தான் என்னை விசாரித்தார்கள். அன்று மாலை நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் துரை ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்கிறேன் என்றேன். பெரியவர் நான் போட்ட தாளை என் முன்னால் வைத்தார்.

"இது உமது கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"அப்படியென்றால் இது பொய்யா, அந்த அறிக்கை பொய்யா?"

"இதுதான் பொய். அக்கா சொன்னதைத்தான் எழுதினேன். குழாய் திருப்பின இடத்தை நானும் நடந்துபோய்ப் பார்த்தேன்."

"பிறகேன் கையெழுத்துப் போட்டீர்?"

"பட்டம் வேணும் என்று."

"இப்போது வேண்டாமா?"

"வேணும்" என்றேன். வீரமாக ஒன்றும் சொல்லவில்லை. "வேணும் சேர். ஆனா இந்தத் தாள வச்சு எனக்கு வேணாம்."

அப்போது கணேசமூர்த்தி ஐயா பேனாவை நிறுத்தினார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா. ஒரு சொல்லும் விடாம எழுதணும்" என்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். துரை அவரைப் பார்த்தார். அவர் தலைநிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மனிதரைப் பற்றி என் அறிக்கையில் 'நிர்வாகத்தின் கைப்பொம்மை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதுவும் கேட்காமல் எழுதியதுதான்.

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கல்லூரிக்கும் எழுதிக் கொடுத்தேன். நேற்று முடிவு வந்தது. பட்டமளிப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். காரணம் என்ன தெரியுமா? தண்ணீர் இல்லை, தோட்டம் இல்லை. 'ஒரு நபரின் பெயரை அவருடைய எழுத்துமூல அனுமதி இன்றி வெளியிட்டமை.' நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அது நியாயம், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் முதல் மதிப்பெண் கொடுத்தபோதும், மேடையில் வாசித்துக் கைதட்டியபோதும் அந்த அனுமதி எங்கே என்று அவர்கள் ஒருவரும் தேடவில்லை.

கல்லூரிக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்று நோன்பு திறக்கும் நேரம் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, "அந்தப் பொம்புளக்கி வேல கெடச்சா?" என்று கேட்டா. தெரியாது என்றேன். "அதயாவது கேட்டு எழுது" என்றா.

கேட்கிறேன்.

ஷாமிலா

*

கந்தப்பளை.
2025 ஏப்ரல் 6

அன்புள்ள ஷாமிலா,

உம்மாவுக்குச் சொல், வேலை கிடைத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பராச் சாவியைத் திரும்ப என் கையில் தந்தார்கள். உள்ளே போனதும் இரண்டு குழந்தைகள் என்னை அடையாளம் தெரியாமல் அழுதன. இரண்டு மாதம் அவர்களுக்குப் பெரிய காலம்.

சாவியோடு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. 'வெளியாட்களிடம் தோட்டத்து விஷயங்களைப் பேசியமைக்காக.' கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். வாங்கி, அடியில் 'நான் பேசியது உண்மை' என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். கண்டாக்கையா வாசித்துவிட்டு, "இப்படி எழுத எடம் இல்லியே ரத்னா" என்றார். "இருந்துச்சுங்களே, அதான் எழுதிட்டேன்" என்றேன். தாளைப் பைலில் போட்டுக்கொண்டார்.

பரிசோதகரின் அறிக்கை வந்தது. பிள்ளைக்காம்பராத் தண்ணீர் குடிக்கத் தகுதியில்லை என்று எழுத்தில் இருக்கிறது. இப்போது ஊற்றிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்குத் தனிக் குழாய் போட்டிருக்கிறார்கள். லயங்களுக்கு இல்லை. பிள்ளை பகலில் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஓடைத் தண்ணீர் குடிக்கிறது. அதனால் பெண்கள் விடவில்லை. பெரட்டில் தினமும் காலையில் யாராவது ஒருத்தி, "லயத்துக்கு எப்பங்க?" என்று கேட்கிறாள். முறை போட்டு வைத்திருக்கிறோம். நாளைக்கு என் முறை. நான் பெரட்டுக்குப் போகிற ஆள் இல்லை. இருந்தாலும் போவேன்.

இனி உன் விஷயம். என் பெயரைச் சாட்டி உன் பட்டத்தை நிறுத்தினார்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. என் பெயருக்காக உன்னைத் திட்டுவது என் உரிமை. அதை அவர்கள் எடுத்துக்கொள்ள நான் கொடுக்கவில்லை. கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். தமிழில்தான். 'நாலாம் பக்கத்தில் உள்ள ரத்னா கஜேந்திரன் நான்தான். முதலில் கேட்காதது பிழை. அந்தப் பிழையை அவள் என்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். இப்போது எழுத்தில் அனுமதி தருகிறேன். பெயரும் இருக்கட்டும், பக்கமும் இருக்கட்டும். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த அறிக்கையைத் திரும்பப் போடுங்கள்.' கீழே முப்பத்தொன்பது பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தாளும் வைத்தேன். வரும் வருடம் மாணவர்கள் வருவதானால் துரையிடம் மட்டும் கேட்டால் போதாது, லயத்திலும் கேட்க வேண்டும். எழுதியதைத் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டாமல் கொடுக்கக் கூடாது. கடல் பார்த்திருக்கிறாயா என்று கேட்காமல் பார்க்கவில்லை என்று எழுதக் கூடாது. கடைசி வரி ராக்காயி அக்கா சொல்லி எழுதியது: "எங்களப் பத்தித் தெரிஞ்சிக்க வாறவுங்க வரட்டும். நாங்களும் கேள்வி கேப்போம், பதில் சொல்லணும்."

பதில் வருமோ என்னவோ. வராவிட்டால் திரும்ப எழுதுவேன்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு இரண்டு நாள் லீவு எடுக்கலாம் என்று இருக்கிறேன். உம்மாவிடம் கேட்டு எழுது, வரலாமா என்று.

அக்கா

*

தெஹிவளை.
2025 ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

உம்மாவிடம் கேட்டேன். "இதையெல்லாம் கேட்டுக்கொண்டா ஈக்கிய?" என்று எனக்குத்தான் ஏச்சு. மே மாதம் பதினேழாம் திகதி சனிக்கிழமை வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கடிதம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், முத்துலிங்கம் சேர் என்னை நடைபாதையில் கண்டு, "உமது அக்கா நன்றாக எழுதுகிறார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறிக்கை இன்னும் திரும்ப ஏறவில்லை. ஆனால் என் வகுப்பில் இருந்த ஆறு பேர் தங்கள் அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தாங்கள் தங்கிய வீடுகளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்திக்குப் பொல்பிட்டியவிலிருந்து பதில் வந்துவிட்டது. பக்கம் பக்கமாகத் திருத்தம். அவள் உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுப் பாடத்தைத் திரும்ப எடுப்பதற்குப் பதியப் போனேன். பாடத்தைப் பற்றி எனக்கு வெறுப்பு இல்லை அக்கா. படிக்கத்தான் போகிறேன். இந்தத் தடவை ஒழுங்காக.

விண்ணப்பத்தில் 'மீண்டும் பயில்வதற்கான காரணம்' என்று ஒரு கேள்வி. அதற்கு நேரே மூன்று கட்டங்கள். சுகவீனம், வரவுக் குறைவு, சித்தியெய்தாமை. ஒன்றில் அடையாளம் போட வேண்டும். எனக்குச் சுகவீனம் இல்லை. ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை. சித்தியெய்தாதவளும் இல்லை, முதல் மதிப்பெண் வாங்கியவள்.

பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் வரைந்தேன். அடிமட்டம் வைத்து, நேராக. பக்கத்தில் 'உண்மையை எழுதியமை' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடையாளம் போட்டேன்.

கவுண்டரில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை கதவு வரை நின்றது.

"பிள்ள, இதில நாலாவது கட்டம் இல்லையே."

"இப்ப ஈக்கி" என்றேன்.

ஷாமிலா